மெழுகு உருகாத அறை

மட்டாஞ்சேரி
18 பிப்ரவரி 2024

அன்புள்ள ஷாஹிர் காக்காவுக்கு,

ஸலாம். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். மலையாளத்தில் என்றால் எனக்குக் கை ஓடும். நீங்கள் கடையநல்லூரில் மாமா வீட்டில் இருந்து படித்தவர். மலையாளம் பேசுவீர்களே தவிர வாசிக்க மாட்டீர்கள். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாப்பா மௌத்தான பிறகு வீட்டைப் பிரித்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மேற்குப் பக்கம் உங்களுக்கு, கிழக்கு மாடி எனக்கு. ஆனால் உங்கள் பக்கத்தில் ஹோம்ஸ்டேக்கு என்று மாடி எடுத்தீர்களே, அந்தச் சுவர் என் வேலை அறையின் இரண்டு ஜன்னலையும் மூடிவிட்டது. கடல் காற்று வந்த வழி அது ஒன்றுதான். ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம். சரி, அது பழைய பேச்சு.

என் வேலை உங்களுக்குச் சரியாகத் தெரியாது என்று நினைக்கிறேன். எர்ணாகுளத்தில் பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். நான் மெழுகில் பல்லை வரிசையாக நட்டுத்தான் பல்செட் செய்கிறேன். அறை சூடானால் மெழுகு இளகும், பல் ஒரு மயிரிழை நகரும். அவ்வளவு போதும், போட்டுக்கொள்பவருக்கு இட்லிகூடக் கடிக்க வராது. போன மே மாதம் இரண்டு செட் திரும்பி வந்தன. மழைக்காலத்தில் அச்சு வார்க்கும் மாவு ஈரம் குடித்துக் கட்டியாகிறது. டிசம்பரும் ஜனவரியும்தான் எனக்கு நிம்மதி. மற்ற பத்து மாதமும் வானத்தோடு மல்லுக்கட்டுதான்.

உங்கள் மச்சான் ஷாஃபி ஒரு டன் ஏசி வாங்கி வந்திருக்கிறார். அறையின் பாதியில் கண்ணாடித் தடுப்பு வைத்து மெழுகு வேலைக்கு மட்டும் குளிரூட்டலாம் என்று யோசனை. வெளி யூனிட்டை உங்கள் மாடித் தளத்தில் வைக்கலாம், உங்கள் சுவரில் ஒரு துளை போட்டால் போதும் என்கிறார் மெக்கானிக் ராமபத்ரன் சேட்டன். இருபது வருஷமாக ஷார்ஜாவில் ஏசி வேலையே பார்க்கிறவர் நீங்கள். உங்களைக் கேட்காமல் செய்ய வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்போது நான் தனி ஆள் இல்லை. உங்கள் சுவரைக் கட்டிய மேஸ்திரி மாரிச்செல்வத்தின் மனைவி சங்கரி என்னோடு இருக்கிறாள். சங்கரன்கோயில் பக்கத்து ஊர். சுள்ளிக்கல்லில் வாடகைக்கு இருக்கிறார்கள். பாலிஷ் வேலையை மூன்றே மாதத்தில் பிடித்துக்கொண்டாள்.

உங்கள் தங்கை,
நிஸா


ஷார்ஜா
4 மார்ச் 2024

நிஸா,

வஅலைக்கும் ஸலாம். கடிதம் கம்பெனி தபால் பெட்டிக்கு வந்தது. சுவரைப் பற்றி எழுதாமல் உன்னால் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். என் பாகத்தில் நான் கட்டினேன். அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

ஏசி விஷயம் சொல்கிறேன், கவனமாகக் கேள். 24-ல் வை, அதற்குக் கீழே இறக்காதே. மழைக்காலத்தில் ட்ரை மோடில் ஓட விடு, மாவு கெடாது. கூரை ஷீட்டின் மேல் வெள்ளைப் பெயிண்ட் அடி. கண்ணாடித் தடுப்பு நல்ல யோசனை, சின்ன இடம் என்றால் மெஷின் திணறாது. கதவை அடிக்கடி திறக்காதே. ஒரு தடவை திறந்தால் உள்ளே பழைய நிலைக்கு வரப் பத்து நிமிடம் ஆகும்.

என் சுவரில் துளை போட வேண்டாம். இப்போதுதான் உள்ளே பெயிண்ட் முடிந்து ஆட்கள் தங்க வருகிறார்கள். ராமபத்ரன் துளை போட்டால் செங்கல் பெயர்ந்துவிடும். ஏப்ரலில் எனக்கு லீவு. நானே வந்து என் கையால் மாடிக்கு ஏற்றித் தருகிறேன். அதுவரைக்கும் வெளி யூனிட்டைப் பின்வராந்தாவில் வை. மரப்பலகை ஜன்னலைத் திறந்து போட்டால் காற்று வெளியே போய்விடும்.

ஷாஃபி மச்சானுக்கு ஸலாம் சொல்.

ஷாஹிர்


மட்டாஞ்சேரி
14 ஏப்ரல் 2024

அன்புள்ள காக்காவுக்கு,

பெருநாள் நன்றாகக் கழிந்தது. உங்களைத்தான் எதிர்பார்த்தோம். ஷாஃபிக்கு ஏலூர் கம்பெனியில் ஷிஃப்ட் மாற்றித் தரவில்லை, மத்தியானம்தான் வந்தார். சங்கரிக்கு நெய்ச்சோறு கொடுத்தனுப்பினேன்.

ஏசி மாட்டியாகிவிட்டது. கண்ணாடிக்குள் உட்கார்ந்தால் டிசம்பர் மாதிரி இருக்கிறது. மெழுகு கையில் சொன்னபடி நிற்கிறது. இந்த மாதம் ஒரு செட்கூடத் திரும்பி வரவில்லை.

ஆனால் பின்வராந்தாவில் நிற்க முடியவில்லை, காக்கா. வெளி யூனிட் ஊதுகிற சூடெல்லாம் அங்கேயேதான் சுற்றுகிறது. பாலிஷ் மோட்டார் அங்கேதான் இருக்கிறது. தூசி பறக்கும் என்பதால் உள்ளே கொண்டுவர முடியாது. பலகை ஜன்னலைத் திறந்துதான் வைத்திருந்தோம். உங்கள் ஹோம்ஸ்டேயைப் பார்த்துக்கொள்கிற கோவிந்த் வந்து, மோட்டார் சத்தமும் தூசியும் முற்றத்தைத் தாண்டித் தங்கியிருப்பவர்கள் அறைக்கு வருகிறது, அடைத்துவிடுங்கள் என்றான். அடைத்துவிட்டோம். சங்கரி முகத்தில் துணி கட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்து வேலை செய்கிறாள். அவளுக்கு ஐந்தாம் மாதம். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து உண்டாகியிருக்கிறாள்.

கோவிந்திடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் ஜன்னலைத் திறந்துகொள்வோம். எப்போது வருகிறீர்கள்? தேதி எழுதுங்கள்.

நிஸா


ஷார்ஜா
24 ஏப்ரல் 2024

நிஸா,

தோப்பும்படி முகமது இஸ்மாயில் நாளை ஊருக்குக் கிளம்புகிறான். அவன் கையில் இதைக் கொடுக்கிறேன்.

லீவு கிடைக்கவில்லை. இங்கே மழை வெள்ளத்தில் பாதி கட்டடங்களில் மெஷின் கெட்டுக் கிடக்கிறது. ஜூலையில் பார்க்கலாம்.

கோவிந்த் சொன்னது சரிதான். இப்போது தங்கியிருக்கும் குடும்பம் மே 6-ம் தேதி காலி செய்கிறது. அதுவரை ஜன்னலை அடைத்தே வை. சின்ன விஷயத்துக்கும் இன்டர்நெட்டில் குறை எழுதுகிற ஆட்கள் அவர்கள். வராந்தாவில் ஒரு டேபிள் ஃபேன் வைத்துக் கொடு. இங்கே கோடையில் என் ஆட்கள் நாற்பத்தைந்து டிகிரியில் மொட்டை மாடியில் நின்று வேலை செய்கிறார்கள். பத்து நாளில் ஒன்றும் ஆகிவிடாது.

ஷாஹிர்


மட்டாஞ்சேரி
23 ஜூன் 2024

ஷாஹிர் காக்கா,

ஏழு வாரமாக உங்கள் போனை நான் எடுக்கவில்லை. ஷாஃபி உங்களிடம் ஏதோ கொஞ்சம் சொன்னதாகச் சொன்னார். முழுவதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

மே 3, வெள்ளிக்கிழமை. ஷாஃபி ஜும்ஆவுக்குப் போயிருந்தார். அந்த வாரம் ஊரெல்லாம் சூடு. வெளியே இறங்காதீர்கள் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எர்ணாகுளத்தில் முதியவர்களுக்கு ஒரு பல் முகாம், ஆறு செட் சாயங்காலத்துக்குள் போக வேண்டும். நான் கண்ணாடிக்குள் இருந்தேன். சங்கரி வராந்தாவில். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, ஆனால் செட் சக்கரத்தில் பட்டால் வருகிற சத்தம் வரவில்லை. போய்ப் பார்த்தபோது தரையில் கிடந்தாள். உடம்பு அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. வியர்வை இல்லை. என்னை அடையாளம் தெரியவில்லை அவளுக்கு.

கோவிந்துதான் தூக்கி ஆட்டோவில் ஏற்றினான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று நாள் ஐசியூவில் இருந்தாள். பிழைத்துவிட்டாள். குழந்தை இரண்டாம் நாள் போய்விட்டது. ஆண் குழந்தை. சூடுதான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. இருக்கலாம் என்றார். அந்த "இருக்கலாம்" போதும் எனக்கு.

மாரிச்செல்வம் ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "அந்தச் சுவரை நான்தானே கட்டுனேன்க்கா." மே மாதக் கடைசியில் இருவரும் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள்.

இஸ்மாயில் கொண்டுவந்த உங்கள் கடிதம் இன்னும் மேஜை டிராயரில் இருக்கிறது. பத்து நாளில் ஒன்றும் ஆகாது என்று எழுதியிருக்கிறீர்கள்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

நிஸா


ஷார்ஜா
11 ஜூலை 2024

நிஸா,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன், பிறகு உன் இஷ்டம்.

லீவு கிடைக்கவில்லை என்றது பொய். லீவு கையெழுத்தாகி என் மேஜையில் இருந்தது. நான்தான் ஆபீசில் போய் இன்னொருவனுக்கு மாற்றிக் கொடுத்தேன். ஊருக்கு வந்தால் உன் அறையில் உட்கார வேண்டும், மூடிய இரண்டு ஜன்னலையும் பார்க்க வேண்டும், ஷாஃபி மச்சான் எதுவும் பேசாமல் சாயா கொண்டுவந்து வைப்பார். அதற்குப் பயந்துதான் வரவில்லை.

இன்னொன்று. மூடிய இடத்தில் வெளி யூனிட்டை வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அதுதான். உள்ளே இருந்து எடுக்கிற சூட்டை அது எங்கேயாவது கொட்டியாக வேண்டும். இங்கே ஒரு வீட்டில் அப்படி மாட்டியிருந்தால், டூல் பெட்டியைத் திறக்காமலே, முதலில் இதைக் கழற்றுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சு பேசுவேன். உனக்கு எழுதும்போது மட்டும் எனக்கு அது தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதும் சரியில்லை. தோன்றியது. என் சுவரில் துளை விழக்கூடாது என்பது அதற்கு முன்னால் நின்றது.

மொட்டை மாடியில் நிற்கிற என் ஆட்களைப் பற்றிப் பெருமையாக எழுதியிருந்தேன். மத்தியான நேரத்தில் அவர்களை இரண்டரை மணி நேரம் கட்டாயம் உட்கார வைக்க வேண்டும் என்று இங்கே கோடைக்குச் சட்டம் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டேன்.

கோவிந்திடம் சொல்லி ஹோம்ஸ்டேயைப் பூட்டிவிட்டேன்.

ஷாஹிர்


மட்டாஞ்சேரி
6 அக்டோபர் 2024

அன்புள்ள காக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று மாதம் வைத்துக்கொண்டிருந்தேன். அதைப் படித்த அன்று எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. எல்லாவற்றையும் நீங்களே உங்கள் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டீர்களே என்று. அந்தச் சந்தோஷம் வந்ததால்தான் தூக்கம் போய்விட்டது.

ஜூனில் நான் எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். ஷாஃபியிடமும் சொல்லவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை.

அன்று சங்கரி இரண்டு தடவை கண்ணாடியைத் தட்டினாள். முதல் தடவை தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாள். கதவு திறந்ததும் நான் மெழுகைப் பார்த்தேன், அவளைப் பார்க்கவில்லை. இரண்டாம் தடவை வந்து, தலை சுற்றுதுக்கா, கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்துக்கவா என்று கேட்டாள். நான் கண்ணாடி வழியாகவே அவளைப் பார்த்தேன். முகம் சிவந்திருந்தது. தெரிந்தது எனக்கு. ஆனால் அப்போதுதான் முன்பல் வரிசையை நட்டு முடித்திருந்தேன். கதவு திறந்தால் சூடு உள்ளே வரும். "இன்னும் ரெண்டுதானே, முடிச்சிட்டு வா, சேர்ந்து சாயா குடிக்கலாம்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அரை மணி நேரம் நான் எழுந்து பார்க்கவில்லை.

கதவைத் திறக்காதே என்று நீங்கள் எழுதியதை நான் ஒருநாள்கூட மீறவில்லை. உங்கள் சுவர், உங்கள் ஜன்னல், உங்கள் லீவு எல்லாம் உண்மைதான். ஆனால் பத்தடி தூரத்தில் இருந்தது நீங்கள் இல்லை. ஏசி வேண்டாம் என்று அன்றைக்கு ஒருநாள் நிறுத்தியிருக்கலாம், மெழுகு போனால் போகட்டும் என்று. ஆறு பேருக்குப் பல் ஒரு வாரம் தள்ளிப் போயிருக்கும்.

மே மாதத்திலிருந்து ஏசியை நான் போடவே இல்லை. அதிகாலையில் எழுந்து, சுபஹ் தொழுதுவிட்டு, வெயில் ஏறுகிறவரை மெழுகு வேலை செய்கிறேன். மற்ற நேரத்தில் அறையைப் பூட்டிவிடுகிறேன். வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. ஏன் என்று ஷாஃபி கேட்கவில்லை. நேற்றுத்தான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண்ணிடம் சொன்னாயா என்று கேட்டார்.

சொல்லவில்லை.

நிஸா


ஷார்ஜா
9 பிப்ரவரி 2025

நிஸா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். இங்கே இப்போது குளிர். யாருக்கும் என் வேலை தேவைப்படாத மாதம்.

ஊரில் இருந்த இருபத்தாறு நாளும் நாம் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை, கவனித்தாயா? சுவரை இடித்தோம், கல்லைக் கீழே இறக்கினோம், ஜன்னல் சட்டத்துக்கு எண்ணெய் தடவினோம், பெயிண்ட் என்ன கலர் என்று சண்டைகூடப் போட்டோம். மாடி அறையைப் பாதியாகக் குறைத்தபோது கோவிந்த் பாவம், அழுகிற மாதிரி நின்றான். கடைசிக் கல்லை எடுத்ததும் காற்று உள்ளே வந்தது. உன் மேஜையில் இருந்த காகிதமெல்லாம் பறந்தது. நீ பொறுக்கிக்கொண்டிருந்தாய். அப்போது உன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

வெளி யூனிட்டை மாடித் தளத்தில் வைக்க எனக்கு ஒன்றரை மணி நேரம்தான் ஆனது, நிஸா. துளை போட்டு, பைப் இழுத்து, கேஸ் நிரப்பி, எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். அதற்கு நான் ஒரு வருஷம் எடுத்துக்கொண்டேன். ராமபத்ரன் பக்கத்தில் நின்று பார்த்தார். நல்ல வேலை என்றார். அந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டு அங்கே நிற்க முடியவில்லை எனக்கு.

ஜன்னல் திறந்திருக்கிற நாளில் ஏசி தேவைப்படாது. மே மாதத்தில் மட்டும் மத்தியானம் போடு. வராந்தாவில் நான் மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் தூசியையும் சூட்டையும் இழுத்துவிடும். மழைக்காலத்துக்கு ட்ரை மோட். இனி வருஷம் முழுக்க உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரி இருக்கும்.

நீ சங்கரியைப் பார்க்கப் போவதாக ஷாஃபி மச்சான் சொன்னார், போனால் என் பெயரையும் சொல். நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அடுத்த லீவில் நானே சங்கரன்கோயில் போய் நேரில் கேட்க வேண்டும் என்று இருக்கிறேன். அதைக் கேட்காமல் எனக்கு நிம்மதி இல்லை.

ஷாஹிர்


மட்டாஞ்சேரி
25 மே 2025

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். இந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. நேற்றிலிருந்து கொட்டுகிறது. ஏப்ரல் முழுக்க ஜன்னல் காற்றிலேயே வேலை நடந்தது. மிகவும் கொதித்த நாளில்கூட வராந்தாவில் முப்பத்துமூன்று டிகிரியைத் தாண்டவில்லை. பாலிஷ் மோட்டாரில் இப்போது நான்தான் உட்காருகிறேன். மெழுகு வேலைக்குக் கருவேலிப்படியிலிருந்து ஷமீனா என்று ஒரு பெண் வருகிறாள். தலை வலிக்கிறது என்றால் வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போ என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

போன வாரம் சங்கரியைப் பார்த்து வந்தேன். ஷாஃபியும் வருகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். தென்காசி வரை பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். சங்கரன்கோயிலில் இறங்கி ஆட்டோவில் அவள் ஊருக்குப் போனேன். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு நைட்டி தைக்கிறாள். மாரிச்செல்வம் வேலைக்குப் போயிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், உட்காரச் சொன்னாள், குடிக்கக் கலர் வாங்கி வரச் சொல்லிப் பக்கத்து வீட்டில் குரல் கொடுத்தாள். இளைத்துப் போயிருந்தாள். இப்போதும் வெயிலில் அவளால் நிற்க முடியாதாம். பத்து மணிக்கு மேல் வெளியே இறங்குவதில்லை என்றாள்.

வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனதை அவளிடம் சொன்னேன். அவள் தட்டியது, நான் பார்த்தது, முகம் சிவந்திருந்தது எனக்குத் தெரிந்தது, தெரிந்தும் இன்னும் இரண்டு என்று சொன்னது. அவள் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"தெரியும்க்கா. நீங்க என்னைப் பாத்தீங்கல்லா, அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள்.

ஒரு வருஷமாக நான் மூடி வைத்திருந்தது அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

பிறகு உங்கள் பெயரைச் சொன்னேன். ஷாஹிர் காக்கா மன்னிப்புக் கேட்டார் என்றேன். அவள் நிமிர்ந்து, "அவங்க யாருக்கா?" என்றாள். நாம் இரண்டு பேரும் அவளை வைத்துத்தான் இவ்வளவும் எழுதிக்கொண்டிருந்தோம். அவளுக்கு உங்களைத் தெரியவே தெரியாது. மாரிச்செல்வத்துக்குக் கூலி கொடுத்ததுகூடக் கோவிந்துதான். சுவர் யாருடையது, லீவு என்ன ஆனது, ஜன்னல் யார் சொல்லி அடைத்தது, ஒன்றும் தெரியாது. முதலிலிருந்து சொன்னேன். சுவரை இடித்ததையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். எல்லாம் முடிந்ததும், "நீங்களோ அவங்களோ ஒரு நாள் அந்த இடத்துல உக்காந்து பாத்திருக்கலாம்" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

கிளம்பும்போது தெருமுனை வரை வந்தாள். திரும்பி வேலைக்கு வருகிறாயா என்று கேட்க நினைத்துப் போயிருந்தேன். கேட்கவில்லை. ஆட்டோவில் ஏறியதும் அவள் கிட்டே வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இனிமே வராதீங்கக்கா. கோவத்துல சொல்லல. நீங்க வந்துட்டுப் போனா உங்களுக்கு மனசு லேசாகும். எனக்கு ரெண்டு நாளைக்குக் கை ஓடாது."

அடுத்த லீவில் அவளைப் பார்க்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். போக வேண்டாம், காக்கா. கேட்க நினைத்ததை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நிஸா